டாக்டர் அம்பேத்கரும் பரோடா உபகாரச் சம்பளமும்

கல்வியின்பொருட்டுக் கடல் கடத்தல் நம் நாட்டார்க்குப் புதிதன்று. ஆயினும், கையிற் பொருளின்றிப் பிறர் அளித்த உபகாரச் சம்பளத்தையே தெப்பமாகக் கொண்டு கடல் கடந்து, கற்று மீண்டு, கற்றதனைத் தம்மவர்க்கே பயன்படுத்தினோர் மிகச் சிலரே. அச்சிலருள் தலையாயவர் டாக்டர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர் அவர்கள். அரசியற் சட்டம் வரைந்த குழுவின் தலைவராக அவரை அறியாதார் இலர். ஆனால், இருபத்திரண்டு வயதில் விண்ணப்பம் எழுதிக்கொண்டு மன்னர்முன் நின்ற இளைஞராக அவரை அறிந்தார் நம்முள் எத்துணைப் பேர்? அவ்விளைஞரையே இவ்விதழில் நம் சங்கத்துக் குடும்பங்கட்கு அறிமுகஞ் செய்விக்க விழைகின்றோம்.

இங்ஙனம் விழைதற்குக் காரணம் உண்டு. ஸ்ரீபெரும்புதூர் முதல் ஒரகடம் வரை ஏரியும் கழனியுமாய்க் கிடந்த நிலம் இன்று தொழிற்சாலைகளின் வரிசையாய் நிற்கின்றது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கிற்று. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிஸ்ஸான் ஆலை திறக்கப்பட்டது. நம் பிள்ளைகள் ஐ.டி.ஐ.யோ டிப்ளமாவோ முடித்த கையோடு கம்பெனி பஸ்ஸில் ஏறி ஷிப்டு வேலைக்குச் செல்கின்றனர். இஃது இழிவன்று. அச்சம்பளத்தால் எத்தனையோ குடிசைகள் கல்வீடாயின. எத்தனையோ கடன்கள் தீர்ந்தன. ஆயினும், பட்டம் பெற்ற ஒரு மகனோ மகளோ அயல்நாட்டுச் சர்வகலாசாலையில் மேற்பட்டம் படிக்க விரும்புவதாகச் சொல்லும்போது, வீட்டில் எழும் முதற்கேள்வி ஒன்றே: வருகின்ற மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுப் போனால் குடும்பத்தைத் தாங்குபவர் யார்? இக்கேள்வி நியாயமான கேள்வியே. இதே கேள்வி அம்பேத்கர் இல்லத்திலும் எழுந்தது. அதற்கு அக்குடும்பத்தார் கண்ட விடையே அவர்தம் வாழ்க்கையின் முற்பகுதி.

அம்பேத்கர் 1891ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள், இக்காலத்து மத்தியப் பிரதேசத்தில் உள்ள மோவ் என்னும் இராணுவ நகரில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் பட்டாளத்தில் சுபேதார், தாய் பீமாபாய். மகார் என்னும் குலத்திற் பிறந்தமையால், பள்ளியிற் கோணியை விரித்துத் தனித்து அமர்ந்து படித்தவர் அவர். தாமே குழாயைத் திறந்து தண்ணீர் பருகும் உரிமையும் அப்பள்ளியில் அவருக்கு இல்லை. பின்னர்க் குடும்பம் பம்பாய்க்குக் குடிபெயர்ந்து, பரேல் பகுதியில் தொழிலாளர் வாழும் கட்டிடத்தில் ஒற்றை அறையிற் குடியிருந்தது. தந்தையாரின் பென்ஷனோ இரு மைந்தரையும் படிக்கவைக்கப் போதவில்லை. மூத்தவர் ஆனந்தராவ் படிப்பை நிறுத்தி ரெயில்வேத் தொழிற்பட்டறைக்கு வேலைக்குச் சென்றார். இளையவர் எல்பின்ஸ்டன் உயர்தரப் பள்ளிக்குச் சென்றார்.

இவ்விடத்திற் சற்றே நின்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். அம்பேத்கரின் பட்டங்களை நாம் போற்றுகின்றோம். ஆனந்தராவின் பட்டறைக் கூலியை எவர் நினைக்கின்றார்? ஒருவர் இரும்போடு உழைக்க, மற்றொருவர் ஏட்டோடு உழைத்தார். தந்தையாரோ மகனுக்குப் புத்தகம் வாங்கப் பணமில்லாத வேளைகளில், மணமாகிச் சென்ற தம் பெண்மக்களிடம் சென்று நகையை வாங்கி அடகு வைத்தார்; பின்னிரவில் மகனை எழுப்பிப் படிக்கச் செய்தார். ஆகவே, அம்பேத்கர் பெற்ற முதல் உபகாரச் சம்பளம் பரோடா மன்னர் தந்ததன்று. அவர்தம் வீட்டார் தந்ததே என்போம்.

1907இல் அவர் மெட்ரிக்குலேஷன் தேறினார். அக்குலத்தார்க்கு அஃது அரிய செயலாகலின், பாராட்டுக் கூட்டம் ஒன்று கூட்டப்பட்டது. அக்கூட்டத்திற்கு வந்திருந்த கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்னும் ஆசிரியர், தாம் எழுதிய புத்தர் சரித்திரத்தை அவருக்குப் பரிசளித்தார். தந்தையாரின் கை மேலும் வறண்டபோது, பரோடா மன்னர் ஸயாஜிராவ் கெய்க்வாரிடம் அம்பேத்கருக்காக எடுத்துரைத்தவரும் அவ்வாசிரியரே. அதன் பயனாக மாதம் 25 ரூபாய் உதவி கிடைத்தது. எல்பின்ஸ்டன் கலாசாலையிற் படித்து 1912இல் பி.ஏ. தேறினார். ஆசிரியர் ஒருவரின் ஒரு சொல் ஒரு சமூகத்தின் வரலாற்றையே திருப்பக்கூடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதின்று.

பட்டம் பெற்றவர் 1913ஆம் ஆண்டின் தொடக்கத்திற் பரோடா சமஸ்தானத்தில் உத்தியோகம் ஏற்றார். சில நாட்களுக்குள் தந்தையார் நோயுற்ற செய்தி வந்தது. பம்பாய்க்கு விரைந்தார், பிப்ரவரி 2ஆம் நாள் தந்தையார் காலமானார். குடும்பப் பாரம் தோள்மேல் விழுந்த அந்நேரத்திலேயே, பரோடா மன்னர் மாணவர் சிலரை அமெரிக்காவிலுள்ள கொலம்பியா சர்வகலாசாலைக்கு அனுப்பக் கருதியுள்ளார் என்பதனை அவர் அறிந்தார். மன்னரைக் கண்டார், விண்ணப்பித்தார், தெரிந்தெடுக்கப்பெற்றார். மாதம் 11½ பவுன் வீதம் மூன்றாண்டுகட்கு உபகாரச் சம்பளம் வழங்குவது எனவும், கற்று மீண்டபின் பத்தாண்டுகள் சமஸ்தானத்திற் பணிபுரிதல் வேண்டும் எனவும் 1913 ஜூன் 4ஆம் நாள் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. வீட்டில் மனைவியார் ரமாபாயும் கைக்குழந்தை யஷ்வந்தும் இருந்தனர். ஜூலை மாதத்தில் அவர் நியூயார்க் சேர்ந்தார்.

கொலம்பியாவில் அவர் பட்டத்திற்கு வேண்டிய அளவே படித்து அமைந்தவரல்லர். அங்கிருந்த காலத்தில் ஏறத்தாழ 60 பாடங்களைப் பயின்றார் என்ப. அவற்றுள் 29 பொருளியல். எஞ்சியவை வரலாறு, சமூகவியல், தத்துவம், மானிடவியல், அரசியல் என விரிந்தன. எட்வின் செலிக்மன், ஜான் டூயி முதலிய பேராசிரியர்களின் வகுப்புக்களில் அமர்ந்தார். 1915இல் எம்.ஏ. பட்டம் பெற்றார். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி, வரவுசெலவு ஆகியவற்றைப் பற்றி ஆராய்ச்சியுரை வரைந்தார். 1916 மே மாதம், இந்தியச் சாதிகளின் தோற்றத்தைக் குறித்து ஓர் ஆராய்ச்சிக் கூட்டத்திற் கட்டுரை படித்தார். தம்மைத் தாழ்த்திய அமைப்பினைக் குறித்து வெறுஞ் சினங் கொள்ளாது, அஃது எங்ஙனம் முளைத்தது, எங்ஙனம் பரவிற்று என்று ஆராயும் கருவியை அவருக்கு அளித்தது அக்கல்வியே. தாமோ அளவாக உண்டு, மிச்சம் பிடித்த காசில் ஒரு பகுதியை வீட்டிற்கு அனுப்பினார். மற்றொரு பகுதிக்குப் பழைய புத்தகங்கள் வாங்கினார்.

1916இல் லண்டன் சென்று பொருளியற் கலாசாலையிலும் கிரேஸ் இன் சட்டக் கழகத்திலும் சேர்ந்தார். செலிக்மன் அளித்த அறிமுகக் கடிதம் அங்கே துணை நின்றது. ஆனால் உபகாரச் சம்பளத்தின் தவணை 1917இல் முடிந்தது. சமஸ்தானம் திரும்புமாறு பணித்தது. நான்காண்டுகளுக்குள் மீண்டும் வந்து படிப்பைத் தொடர இசைவு பெற்றுக்கொண்டு, அரைகுறையான ஆராய்ச்சியோடு கப்பலேறினார். அஃது உலகப் போர்க்காலம். அவர்தம் புத்தகங்களையும் உடைமைகளையும் ஏற்றிவந்த வேறொரு கப்பல் தாக்குண்டு மூழ்கிற்று. பல்லாண்டு சேர்த்த ஏடுகள் கடலுக்கு இரையாயின.

பரோடாவிற் காத்திருந்ததோ அதனினும் கொடிது. கொலம்பியாவின் எம்.ஏ.வுக்குத் தங்க ஓர் அறை கிடைத்திலது. பார்ஸி விடுதியொன்றில் வேறு பெயரிற் சில நாள் தங்கினார். செய்தி வெளிப்பட்டதும் தடியேந்திய கூட்டம் ஒன்று வந்து அவரை வெளியேற்றிற்று. நண்பர் வீடுகளிலும் இடமின்றி, கமாட்டிபாக் என்னும் பூங்காவில் ஒரு மரத்தடியில் அமர்ந்து கண்ணீர் உகுத்தார். அலுவலகத்தில் ஏவலரும் கோப்புக்களைக் கையில் தாராது தூரத்தே எறிந்தனர் என்று அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். பத்தாண்டு ஒப்பந்தம் சில நாட்களிலேயே நடைபெறாது போயிற்று. பட்டம் ஒருவன் அறிவை மாற்றும். அவனைக் காணும் ஊராரின் கண்ணை மாற்றாது என்னும் கசந்த உண்மையை அவர் அன்று கற்றார்.

இந்நிலையில் மற்றொருவராயின், வந்தது போதும் என்று அடங்கியிருப்பர். அம்பேத்கரோ முடியாத படிப்பை மறந்திலர். 1918இல் பம்பாய் ஸிடென்ஹாம் கலாசாலையிற் பொருளியற் பேராசிரியரானார். சம்பளத்திற் சிறுகச் சிறுகச் சேர்த்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராஜா உதவினார். அமெரிக்காவில் உடன் தங்கிய பார்ஸி நண்பர் நவல் பதேனா கடன் கொடுத்தார். 1920இல் மீண்டும் லண்டன் சேர்ந்தார். 1921இல் எம்.எஸ்ஸி. பட்டம் பெற்றார். ரூபாயின் சிக்கலைப் பற்றிய பேருரையைத் திருத்தித் தருமாறு பரீட்சகர் திருப்பினர். கைப்பொருள் தீர்ந்தமையால் 1923இல் பம்பாய்க்கு வந்து, இங்கிருந்தே திருத்தி அனுப்பினார். அவ்வாண்டே டி.எஸ்ஸி. பட்டம் கிடைத்தது. சட்டத் தேர்விலும் தேறிப் பாரிஸ்டரானார். 1927இல் கொலம்பியா அவர்க்கு டாக்டர் பட்டம் நல்கிற்று. 1913இல் எழுதிய ஒரு விண்ணப்பத்தின் பயன் முழுதும் விளையப் பதினான்கு ஆண்டுகள் ஆயின என்பதனை நம் இளைஞர் குறித்துக்கொள்வாராக.

அப்பதினான்கு ஆண்டுகளில் பம்பாயில் வறுமையோடு போராடினவர் ரமாபாய். அவர்கட்குப் பிறந்த மக்கள் ஐவருள் நால்வர் இளமையிலேயே மாண்டனர். கணவர் உலகறிந்த பெரியாரானபின் நெடுங்காலம் உடன் வாழும் பேறும் அவ்வம்மையார்க்கு வாய்க்கவில்லை, 1935இல் மறைந்தார். கல்வியின் விலையைக் கூறுவோர் கட்டணத்தை மட்டுமே கூறுவர். அவ்விலையின் பெரும்பகுதியை வீட்டிலிருந்த ஒரு பெண் செலுத்தினாள் என்பதனை நாம் மறைத்தல் தகாது.

இனி, பெற்றதனை அவர் திருப்பிச் செலுத்தியவாற்றைக் காண்போம். மாகாண நிதி பற்றித் தாம் எழுதி 1925இல் வெளிவந்த நூலை ஸயாஜிராவ் மன்னருக்கே உரிமை செய்தார், இது நன்றி. 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாக சபையில் தொழில் இலாகாவை ஏற்றிருந்தார். தொழிற்சாலைகளில் வாரம் 54 மணியாயிருந்த வேலை நேரத்தை 48 மணியாக்கிய 1946ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அவ்விலாகா கொணர்ந்ததே. இன்று ஒரகடத்தில் எட்டு மணி ஷிப்டு முடிந்து சங்கு ஊதும்போது வெளியே வரும் நம் பிள்ளைகள், கொலம்பியாவிற் கற்ற ஒருவரின் கல்வியைத் தாமும் துய்க்கின்றனர். பட்டறைக்குச் சென்ற அண்ணனுக்குப் படிக்கச் சென்ற தம்பி செலுத்திய கடன் அதுவென்று நாம் கருதுகின்றோம். 1944இல் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்க்கு இந்திய அரசின் உபகாரச் சம்பளம் தொடங்கியதற்கும் அவர் முயற்சியே முதற்காரணம். அயல்நாட்டுப் படிப்பிற்கான மத்திய அரசின் தேசிய உபகாரச் சம்பளம் 1954-55இல் தொடங்கிற்று. தமிழ்நாட்டு அரசும் அம்பேத்கர் பெயராலேயே அயல்நாட்டு உயர்கல்வித் திட்டம் ஒன்றினை நடத்துகின்றது. மன்னர் ஒருவரின் மனத்தை நம்பியிருந்த உதவி, இவ்வாறு சட்டதிட்டத்தோடு கூடிய உரிமையாயிற்று.

இச்சரித்திரத்தினின்று விண்ணப்பிக்கக் கருதும் நம் பிள்ளைகள் கொள்ளத்தக்கன சில உள. கேளுஸ்கரைப் போன்று தம்மை அறிந்த ஆசிரியரிடமே பரிந்துரைக் கடிதம் பெறுக. பெரும் பதவியாளரின் வெற்றுக் கடிதத்தினும் அது வலிது. எதனைக் கற்க, எதன்பொருட்டுக் கற்க என்னும் வினாவிற்குத் தம் சொல்லிலேயே விடை எழுதுக. பிறர் எழுதியதைப் பார்த்தெழுதற்க. மதிப்பெண் பட்டியல், ஆங்கிலத் தேர்வு, சாதி வருமானச் சான்றுகள், பாஸ்போர்ட்டு ஆகியவற்றை ஓராண்டிற்கு முன்னரே திரட்டுக. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுமுன் அதன் ஒவ்வொரு வரியையும் வீட்டாரோடு அமர்ந்து படித்து, திரும்பி வரவேண்டிய கடமை உண்டோ, எத்தனை ஆண்டு என்பதனை அறிக. பெற்றோரும், மகனுக்கு ஒரு நீதி மகளுக்கு ஒரு நீதி என்று வையாது, தகுதியுடையார்க்கு வழிவிடுக.

ஸ்ரீபெரும்புதூர் இராமாநுசர் அவதரித்த தலம். திருக்கோட்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்து பெற்ற மந்திரப் பொருளை, ஒருவர்க்கும் உரையாதே என்ற ஆணையையும் கடந்து, அனைவரும் கேட்கக் கோபுரத்தினின்று உரைத்தார் அவர் என்பது நாம் வழிவழியாகக் கேட்டுவரும் செய்தி. அரிதிற் பெற்றதனை ஊர்க்கெல்லாம் ஈவது இம்மண்ணுக்குப் பழகிய அறமே. கடல் கடந்து கற்கச் செல்லும் நம் வீட்டுப் பிள்ளைகள் அவ்வறத்தை உடன்கொண்டு செல்க. பட்டறையிலிருந்து அவர்களைத் தாங்கும் அண்ணன்மாரும் அக்காமாரும் நீடு வாழ்க.