கையால் போட்ட கணக்கு

சூரிய வெப்பத்தைச் சேமிக்கும் தொட்டியில தண்ணி எப்படி ஓடும்னு கணினியில் கணக்கிடுவதுதான் என் கடைசி வருஷ புராஜெக்ட். தம்போய் வீட்டில் ராத்திரி உட்கார்ந்து ஓட்டினேன். திரையில் சிவப்பும் நீலமும் அழகா சுழன்றது. ஆனா அது சரின்னு எப்படித் தெரியும்? அந்தத் தேடல்தான் என்னை சந்திரசேகரிடம் கொண்டுபோனது.

சுப்பிரமணியன் சந்திரசேகர் 1910-இல் லாகூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். அப்பா ரயில்வே அதிகாரி; சர் சி.வி. ராமன் சித்தப்பா. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1930-இல், 19 வயதில் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். வெள்ளைக் குள்ளன் எனும் நட்சத்திரத்தின் எடைக்கு ஒரு வரம்பு உண்டு என்று கப்பலிலேயே கணக்குப் போட்டார். அந்த வரம்பு, சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு.

1935-இல் லண்டன் கூட்டம் ஒன்றில் அதை விளக்கினார். அடுத்துப் பேசிய பெரிய விஞ்ஞானி எடிங்டன், எல்லார் முன்னாலும் கேலி செய்து ஒதுக்கிவிட்டார். அப்போ அவருக்கு 24 வயசுதான். ஆனாலும் வேலையை நிறுத்தல. 1937-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். நட்சத்திர ஆய்வைப் புத்தகமாக எழுதி முடித்துவிட்டு, வேறு துறைக்குப் போனார். ஒவ்வொரு துறையிலும் பல வருஷம் ஊன்றி உழைத்து, புத்தகம் எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போவது அவர் பழக்கமானது.

அப்படி 1950-களில் எடுத்த ஒன்றுதான் வெப்பத்தால் திரவம் அசைவது. அடியில் சூடாக்கினாலும் தண்ணி உடனே புரளாது. சூடு மேலே தள்ளும். பாகுத்தன்மையும் வெப்பக் கடத்தலும் தடுக்கும். இந்த இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுவதுதான் ராலே எண். இரண்டு தகடுகளுக்கு நடுவே அது 1708-ஐத் தாண்டினால்தான் ஓட்டம் தொடங்கும். சுழற்சியும் காந்தப்புலமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்றும் அவர் கணக்கிட்டார். எல்லாம் 1961-இல் வந்த அவருடைய தடித்த புத்தகத்தில் இருக்கு.

அந்த எளிய கணக்கை என் புரோகிராமில் ஓட்டினேன். ராலே எண் 1000-லேயே தண்ணி சுழன்றது! தப்பு என்னோடதுதான். தகட்டில் ஒட்டி நிற்க வேண்டிய தண்ணியை வழுக்க விட்டிருந்தேன். அப்படி வழுக்கினால் எல்லை 658-ஆகக் குறையும் என்பதும் அதே புத்தகத்தில் உண்டு. திருத்தினேன். 1600-இல் அமைதி; 1800-இல் ஓட்டம். அன்னிக்குத்தான் நிம்மதியா தூங்கினேன்.

கேலி செய்யப்பட்ட அந்த நட்சத்திர ஆய்வும் சேர்ந்து 1983-இல் அவருக்கு நோபல் பரிசு வாங்கித் தந்தது. 1995-இல் காலமானார். 1999-இல் நாசா ஏவிய எக்ஸ்-கதிர் தொலைநோக்கி அவர் பெயரால்தான் 'சந்திரா'.

வகுப்பில் நம்மைப் பார்த்து யாராவது சிரிச்சா, அவரை நினைச்சுக்குவோம். கணக்கை இன்னொரு தடவை சரிபார்ப்போம். சரியா இருந்தா, தொடர்ந்து போவோம்.