வானில் பறந்த வள்ளல்

ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்தில் வாழும் நமக்குக் கடற்காற்றின் குணம் அதிகம் தெரியாது. திருவண்ணாமலை அடிவாரத்து வீடுகளில் இரும்பு வாளியும் சைக்கிள் மட்கார்டும் பல மழைக்காலம் தாங்குகின்றன. இராமேசுவரம் பக்கம் உறவினர் உள்ளவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அங்கே ஜன்னல் கம்பிகள் சில ஆண்டுகளிலேயே செதில் செதிலாக உதிரத் தொடங்கிவிடும். உலோகம் இவ்வாறு அழிவதை அரிமானம் என்று விஞ்ஞானப் பாடத்தில் படிக்கிறோம். அதை ஆராய்ந்து தடுக்கும் பெரிய நிலையம் ஒன்று நம் தமிழ்நாட்டிலேயே, காரைக்குடியில் இருக்கிறது. அது அங்கே அமைவதற்குக் காரணமான பெருந்தகை, விமானம் ஓட்டக் கற்றவர். விமானக் கம்பெனியே நடத்தியவர். அவர்தாம் டாக்டர் இராம. அழகப்ப செட்டியார்.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1909ஆம் ஆண்டு ஏப்ரல் 6ஆம் நாள் அவர் பிறந்தார். வட்டிக்கடையும் வாணிகமும் பார்ப்பதே குலவழக்கமாக இருந்த காலத்தில், சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்று எம்.ஏ. பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று சட்டம் படித்துப் பாரிஸ்டர் ஆனார். அங்கிருந்தபோது குரோய்டன் விமானத்தளத்தில் விமானம் ஓட்டவும் கற்று உரிமம் பெற்றார். அந்நாளைய சிறு விமானங்கள் மரச்சட்டமும் துணியும் கொண்டவை. துணி தளராமலும் மழைநீர் ஊறாமலும் இருக்க அதன்மேல் ஒருவகை வார்னிஷ் பூசுவார்கள். மேற்பரப்பைக் காப்பதுதான் விமானத்தைக் காப்பது என்பதை விமானம் பழகுபவர் எவரும் முதலிலேயே கண்டுகொள்வர்.

இத்தகைய இளைஞரைத் தொழுநோய் பற்றிக்கொண்டது. தொழுநோயாளரை ஊர் ஒதுக்கி வைத்த காலம் அது. நல்ல மருந்தும் அப்போது கிடையாது. டாப்சோன் மாத்திரை வழக்கத்துக்கு வந்ததே 1940களின் பிற்பகுதியில்தான். மொலோக்காய்த் தீவில் தொழுநோயாளரோடு வாழ்ந்து, அந்நோயாலேயே 1889இல் இறந்த தமியான் அடிகளாரைப் பற்றி நாம் மறைக்கல்வி வகுப்பில் கேட்டிருக்கிறோம். அவர் துறவி, மக்களுக்காக அங்கே சென்றவர். அழகப்பரோ செல்வத்தில் பிறந்து, ஊரும் உலகமும் தம்மை நோக்கியிருக்க, அந்நோயைச் சுமந்தவர். கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருந்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படிச் செய்யவில்லை.

மலேயாவில் ரப்பர், திருச்சூர் அருகே 1937இல் ஒரு நெசவாலை என்று அவருடைய தொழில்கள் விரிந்தன. அந்த ஆலையைச் சுற்றி எழுந்த ஊருக்கு அழகப்பநகர் என்றே பெயர். பிரிட்டிஷ் அரசு அளித்த சர் பட்டத்தை விடுதலைக்குப் பின் அவர் துறந்துவிட்டார். அவருடைய வணிகக் கணக்குகளை விரித்தால் ஏடு போதாது. விமானக் கதைக்கு வருவோம்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கப் படையினர் இந்தியாவில் விட்டுச்சென்ற டக்கோட்டா விமானங்கள் மலிவாக விற்பனைக்கு வந்தன. பலர் அவற்றை வாங்கி விமானக் கம்பெனி தொடங்கினார்கள். அழகப்பர் சென்னையில் ஜூபிடர் ஏர்வேஸைத் தொடங்கினார்.

டக்கோட்டா முழுவதும் உலோகத்தால் ஆனது. வெறும் அலுமினியம் மென்மையானது. இறக்கையின் பாரத்தைத் தாங்காது. ஆகவே நூற்றுக்கு நான்கு பங்கு அளவில் செம்பு சேர்த்துக் கலப்புலோகம் ஆக்குவார்கள். வலிமை வந்துவிடும், ஆனால் அந்தச் செம்பே பகையாகவும் ஆகிவிடும். உப்பு ஈரம் பட்டால் செம்புத் துகளும் அலுமினியமும் குட்டி மின்கலம்போல் வேலை செய்து, அலுமினியம் கரைந்து குழிவிழும். இதற்கு அமெரிக்கர் 1920களில் கண்ட வழி எளியது. கலப்புலோகத் தகட்டின் இருபுறமும் தூய அலுமினியத்தை மெல்லிய தோலாக ஒட்டவைத்து உருட்டினார்கள். கீறல் விழுந்தாலும் தூய அலுமினியம் தான் கரைந்து உள்ளிருப்பதைக் காக்கும். டக்கோட்டாவின் பளபளக்கும் மேனி இந்தத் தகடுதான். உட்பாகங்களுக்குத் துத்தநாகக் குரோமேட் கலந்த பச்சை மஞ்சள் வர்ணம் பூசுவதும் உண்டு.

பனிக்கட்டிக்கு வேறு காவல் வேண்டும். குளிர்ந்த மேகத்துக்குள் நுழையும்போது நீர்த்துளிகள் இறக்கையின் முன்விளிம்பில் மோதிய கணமே உறைந்துவிடும். பனியின் எடையைவிட, அது இறக்கையின் வடிவத்தைக் கெடுப்பதுதான் பெரிய ஆபத்து. வடிவம் கெட்டால் தூக்கும் விசை குறையும். டக்கோட்டாவின் முன்விளிம்பில் கறுப்பு ரப்பர் உறை பொருத்தியிருப்பார்கள். விமானி காற்றை உள்ளே செலுத்தினால் உறை விம்மித் தணியும். மேலே படிந்த பனி ஓடு நொறுங்கிப் பறந்துவிடும். சுழலும் விசிறிகளுக்கு ஆல்கஹாலைக் கசியவிடுவார்கள். இன்றைய ஜெட் விமானங்களில் என்ஜினிலிருந்து எடுக்கும் வெப்பக் காற்றே பெரும்பாலும் அவ்வேலையைச் செய்கிறது. தாமரை இலைமேல் தண்ணீர் ஒட்டாததைப் பார்த்து, பனி ஒட்டாத பூச்சு செய்யவும் விஞ்ஞானிகள் முயன்று வருகிறார்கள். நம் தென்னாட்டு வானில் ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர் உயரம் போனால்தான் உறைநிலை வரும். டக்கோட்டா பறந்ததோ பெரும்பாலும் அதற்குக் கீழே. ஆகவே கடலுக்கு அதிக தூரமில்லாத மீனம்பாக்கத்தில் நின்ற விமானங்களுக்குப் பனியைவிட உப்புக்காற்றே பெரிய எதிரி என்பது என் எண்ணம்.

ஜூபிடர் நெடுநாள் பறக்கவில்லை. கம்பெனிகள் பல, பயணிகள் சிலர். 1949 வாக்கில் அது மூடப்பட்டது. மற்றக் கம்பெனிகளையும் 1953இல் அரசு எடுத்துக்கொண்டது.

அதற்குள் அவருடைய மனம் கல்வியின் பக்கம் முழுவதுமாகத் திரும்பியிருந்தது. கிண்டியில் 1944இல் தொடங்கிய தொழில்நுட்பக் கல்லூரி அவர் கொடையால் அவர் பெயரைத் தாங்கியது. 1947 ஜூலையில் சென்னையில் நடந்த ஒரு கூட்டத்தில், துணைவேந்தர் டாக்டர் இலட்சுமணசாமி முதலியார், செல்வந்தர்கள் கல்லூரிகள் தொடங்க முன்வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். அழகப்பர் அங்கேயே எழுந்து ஒப்புக்கொண்டார். அடுத்த மாதமே காரைக்குடியில் கல்லூரி நடக்கத் தொடங்கிவிட்டது! இன்று நாம் ஒரு வகுப்பறை கட்டவே எத்தனை மாதம் ஆகிறது என்று அன்னையரைக் கேட்டுப் பாருங்கள்.

சுதந்திர இந்தியா தேசிய ஆராய்ச்சி நிலையங்களை நிறுவிவந்தபோது, மின்வேதியியலுக்கான நிலையத்தைக் காரைக்குடிக்கு அழைத்துவந்தார். அதற்காக 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்தார். அக்காலத்து 15 இலட்சம்! பெருநகரங்கள் பல இருக்க, செம்மண் பொட்டலில் தேசிய நிலையம் எழுந்தது. 1948 ஜூலை 25இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு ஜனவரி 14இல் டாக்டர் இராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார்.

அங்கே ஆராயப்படுபவற்றில் முலாம் பூசுதலும் ஆனோடைசிங்கும் முக்கியமானவை. அலுமினியம் காற்றுப் பட்டதும் தானே ஓர் ஆக்சைடு போர்வையைப் போர்த்திக்கொள்ளும். அதன் கனம் ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறிட்டால் சில கூறுகளே. அமிலத் தொட்டியில் அலுமினியத்தை நேர்மின்முனையாக வைத்து மின்சாரம் பாய்ச்சினால், அந்தப் போர்வை ஆயிரம் மடங்குக்கும் மேல் தடிக்கும். பிரிட்டனில் 1923 முதல் கடல் விமானங்களின் உறுப்புகளுக்கு இந்த முறையைக் கையாண்டார்கள். நம் வீட்டு அலுமினிய ஜன்னல் சட்டத்தில் காணும் பொன்னிறமும் பழுப்பும் இதே வழியில் ஏறியவைதாம்.

நோய் அழகப்பரின் உடலைத் தளர்த்திக்கொண்டே வந்தது. கல்லூரிகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்ததும், ஆராய்ச்சி நிலையம் வந்ததும் அந்த ஆண்டுகளில்தாம். 1956இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது அளித்தது. 1957 ஏப்ரல் 5ஆம் நாள் அவர் மறைந்தார். மறுநாள் விடிந்திருந்தால் அவருக்கு 48 வயது நிறைந்திருக்கும்.

அவர் நட்ட நிலையம் பிற்காலத்தில் நாட்டின் பல மூலைகளிலும் உலோகத் தகடுகளை வெயிலிலும் மழையிலும் வைத்து, எந்த ஊர்க் காற்று எவ்வளவு அரிக்கிறது என்று அளந்து இந்தியாவின் அரிமான வரைபடத்தைத் தயாரித்தது. இராமேசுவரத்துக்குப் போகும் வழியிலுள்ள மண்டபத்திலும் அத்தகடுகள் கடலைப் பார்த்தபடி நின்றன. குறித்த காலம் முடிந்ததும் அவற்றைக் கழற்றி, துருவைக் கழுவி நீக்கி, தராசில் வைப்பார்கள். முன்பிருந்த எடையில் எவ்வளவு குறைகிறதோ, அவ்வளவும் கடற்காற்று தின்றது.