டேவிட் கன்டில்லா

டேவிட் கன்டில்லா (1938 – 1978) ஆஸ்திரேலியாவின் வட ஆட்புலத்தைச் சேர்ந்த ஆஸ்திரேலியக் காற்பந்து வீரர் ஆவார். திவி தீவுகளின் பழங்குடி மக்களுள் ஒருவரான இவரது மரபுவழிப் பெயர் அம்பரலம்துவா என்பதாகும். டார்வின் நகரின் செயின்ட் மேரீஸ் கழகத்திலும், பின்னர் 1961 முதல் 1966 வரை தெற்கு ஆஸ்திரேலியாவின் சௌத் அடிலெயிட் கழகத்திலும் விளையாடினார். சௌத் அடிலெயிட் 1964 ஆம் ஆண்டில் வாகையர் பட்டம் வென்ற அணியில் இவர் இடம்பெற்றிருந்தார். திவி தீவுகளிலிருந்து தென் மாநிலங்களுக்குச் சென்று புகழ் பெற்ற காற்பந்து வீரர்களின் வரிசையில் இவர் முன்னோடியாகக் கருதப்படுகின்றார்.

பிறந்த மண்

திவி தீவுகள் டார்வின் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ளன. இவற்றுள் பாத்தர்ஸ்ட், மெல்வில் ஆகிய இரண்டும் பெரியவை. அவற்றை ஆப்சிலி நீரிணை என்னும் குறுகிய கடற்பகுதி பிரிக்கின்றது. ஆஸ்திரேலியாவின் தீவுகளுள் தாஸ்மானியாவுக்கு அடுத்த பெரிய தீவு மெல்வில் ஆகும். இங்கு நிலவுவது வெப்பமண்டலத் தட்பவெப்பம். ஆண்டு மழை பருவக்காற்றுக் காலத்திலும், மழையற்ற கடும் உலர்காலம் எஞ்சிய மாதங்களிலும் அமைகின்றன.

1911 ஆம் ஆண்டில் பாத்தர்ஸ்ட் தீவில் பிரான்சிஸ் சேவியர் கிசெல் என்னும் பாதிரியார் கத்தோலிக்க மறைப்பணி நிலையம் ஒன்றை நிறுவினார். அதனைச் சுற்றி வளர்ந்த குடியிருப்பு நீண்ட காலம் நுயு என அழைக்கப்பட்டது. 2010 இல் அதன் பெயர் உருமியாங்கா என மாற்றப்பட்டது. இத்தீவுகளில் ஆஸ்திரேலியக் காற்பந்தை 1941 இல் அறிமுகப்படுத்தியவர் ஜான் பை என்னும் மறைப்பணியாளர் ஆவார். அப்பொழுது கன்டில்லா மூன்று வயதளவான குழந்தை. ஆகவே இவ்விளையாட்டுடனேயே வளர்ந்த முதல் திவி தலைமுறையைச் சேர்ந்தவர் இவர் எனலாம். வேட்டையாடுதலிலும் மீன்பிடித்தலிலும் பழகிய திவி இளைஞர்கள் வெறுங்காலுடன் பந்தைக் கையாள்வதில் விரைவில் தேர்ச்சி பெற்றனர். திவி மொழியில் இவ்விளையாட்டு யிலோகா எனப்படுகின்றது.

ஆட்டமுறை

ஆஸ்திரேலியக் காற்பந்து, உலகெங்கும் பரவலாக ஆடப்படும் காற்பந்தினின்றும் வேறுபட்டது. நீள்வட்ட மைதானத்தில் அணிக்கு 18 பேர் வீதம் நீள்வட்டப் பந்தினைக் கொண்டு இது ஆடப்படுகின்றது. மைதானத்தின் ஒவ்வொரு முனையிலும் நான்கு கம்பங்கள் நடப்பட்டிருக்கும். நடுவிலுள்ள இரு கம்பங்களுக்கிடையே பந்தை உதைத்துச் செலுத்தினால் 6 புள்ளிகளும், வெளிக்கம்பத்துக்கும் நடுக்கம்பத்துக்கும் இடையே சென்றால் 1 புள்ளியும் கிடைக்கும். பந்தைக் கையால் எறிதல் கூடாது. காலால் உதைத்தோ, மூடிய கையால் குத்தியோ மட்டுமே மற்றவருக்கு வழங்கலாம்.

கன்டில்லா ரக்மன் என்னும் நிலையில் ஆடியவர். நடுவர் பந்தை மேலெழுப்பும்போது, எதிரணி வீரருடன் போட்டியிட்டு உயரக் குதித்துப் பந்தைத் தம் அணியினர்பால் தட்டிவிடுவது இந்நிலை வீரரின் முதன்மைப் பணியாகும். இதற்கு உயரத்துடன், காலம் கணித்துக் குதிக்கும் திறனும் வேண்டும். ஆட்டம் முழுவதும் பந்து செல்லும் இடமெல்லாம் ஓட வேண்டியிருப்பதால் உடல் உறுதியும் இன்றியமையாதது.

டார்வினில்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் திவி ஆண்கள் பலர் டார்வினில் படைத்துறை சார்ந்த பணிகளில் அமர்த்தப்பட்டனர். அவர்கள் விளையாடுவதற்கென 1952 இல் செயின்ட் மேரீஸ் காற்பந்துக் கழகம் தோற்றுவிக்கப்பட்டது. இக்கழகம் 1954-55 பருவத்தில் தன் முதலாவது வாகையர் பட்டத்தை வென்றது. பின்னாளில் வட ஆட்புலக் கூட்டமைப்பில் மிக அதிக பட்டங்களை வென்ற கழகமாகவும் இது வளர்ந்தது. கன்டில்லாவின் திறமை முதலில் வெளிப்பட்டது இக்கழகத்தின் பச்சை, பொன்நிறச் சீருடையிலேயே ஆகும்.

தென் மாநிலங்களில் இவ்விளையாட்டு குளிர்காலத்தில் ஆடப்படுகின்றது. டார்வினிலோ அக்டோபர் முதல் மார்ச் வரையான மழைக்காலமே ஆட்டப் பருவமாகும். உலர்காலத்தில் தரை கல்போல் இறுகிவிடுவதும், மழை பெய்த பின்னரே புல்தரை ஆடுவதற்கேற்ப மென்மையடைவதும் இதற்குக் காரணமாகும். ஈரத்தால் வழுக்கும் பந்துடன், புழுக்கம் மிகுந்த வெப்பத்தில் ஆடிப் பழகுவதால் வடபகுதி வீரர்களிடம் பந்தை விரைவாகக் கையாளும் தனித்த ஆட்டப்பாங்கு உருவாயிற்று.

அக்காலச் சட்டநிலை

கன்டில்லா இளைஞராக இருந்த காலத்தில் வட ஆட்புலப் பழங்குடியினர் முழுக் குடியுரிமை பெற்றவர்களாக இருக்கவில்லை. 1953 இல் இயற்றப்பட்டு 1957 இல் நடைமுறைக்கு வந்த நலவாழ்வுக் கட்டளைச் சட்டம், கலப்பற்ற பழங்குடி வம்சாவளியினர் ஏறத்தாழ அனைவரையும் அரசின் காப்புக்கு உட்பட்டவர்களாகப் பதிவு செய்தது. அவர்கள் எங்கு வாழ்வது, யாரை மணப்பது, எவ்வளவு ஊதியம் பெறுவது என்பன போன்றவற்றில் அதிகாரிகள் தலையிட முடிந்தது. மது அருந்துவதும் அவர்களுக்குத் தடைசெய்யப்பட்டிருந்தது. நடுவண் தேர்தல்களில் வாக்களிக்கும் உரிமை 1962 இலேயே பழங்குடியினர் அனைவருக்கும் கிடைத்தது. அதாவது, கன்டில்லா அடிலெயிட் நகரில் ஆடத் தொடங்கிய 1961 இல் அவரது மக்களுக்கு அவ்வுரிமை இருக்கவில்லை.

சௌத் அடிலெயிட்டில்

டார்வினிலிருந்து அடிலெயிட் நகர் சாலை வழியாக ஏறத்தாழ 3,000 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வெப்பமண்டலத் தீவிலிருந்து வந்த ஒருவருக்கு அந்நகரின் குளிர்காலமும், வெள்ளையரே பெரும்பான்மையாக வாழ்ந்த நகர்ப்புறச் சூழலும் முற்றிலும் புதியவை. எனினும் கன்டில்லா தமது முதற் பருவத்திலேயே கழகத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருதினைப் பெற்றார். அடுத்த ஆண்டான 1962 இலும் அவ்விருது இவருக்கே கிடைத்தது.

ஆனால் இவர் சேர்ந்த கழகம் அக்காலத்தில் மிகவும் நலிவுற்றிருந்தது. சௌத் அடிலெயிட் கடைசியாக வாகையர் பட்டம் வென்றது 1938 இல், அதாவது கன்டில்லா பிறந்த ஆண்டில் ஆகும். 1963 இல் அக்கழகம் பட்டியலின் கடைசி இடத்தையே பெற்றது.

1964 வாகையர் பட்டம்

1964 இல் நீல் கெர்லி என்பவர் அணித்தலைவராகவும் பயிற்றுநராகவும் பொறுப்பேற்றார். இவர் 1961 இல் வெஸ்ட் அடிலெயிட் கழகத்தை வாகையர் ஆக்கியவர். கடுமையான உடற்பயிற்சிக்குப் பெயர் பெற்றவர். அவரது தலைமையில், முந்தைய ஆண்டு கடைசி இடத்திலிருந்த அணி இறுதியாட்டத்திற்குத் தகுதி பெற்றது.

இறுதியாட்டத்தில் எதிர்த்தாடியது போர்ட் அடிலெயிட் கழகம் ஆகும். 1954 முதல் 1959 வரை தொடர்ந்து ஆறு பட்டங்களையும், 1962, 1963 ஆகிய ஆண்டுகளின் பட்டங்களையும் வென்றிருந்த வலிமை மிக்க அணி அது. அடிலெயிட் ஓவல் மைதானத்தில் நடைபெற்ற அவ்வாட்டத்தில் சௌத் அடிலெயிட் 27 புள்ளிகள் வேறுபாட்டில் வென்றது. 26 ஆண்டுகளுக்குப் பின் கிடைத்த இவ்வெற்றியில் பங்கேற்ற கன்டில்லா, தெற்கு ஆஸ்திரேலிய ரசிகர்களின் நினைவில் நீங்கா இடம் பெற்றார். இதன் பின் 2024 வரையான அறுபது ஆண்டுகளில் இக்கழகம் மீண்டும் அப்பட்டத்தை வெல்லவில்லை என்பதால் 1964 அணியின் பெருமை மேலும் கூடியது.

அதே 1964 இல்தான் வட ஆட்புலத்தின் நலவாழ்வுக் கட்டளைச் சட்டம் நீக்கப்பட்டு, கட்டுப்பாடுகள் குறைந்த வேறொரு சட்டம் கொண்டுவரப்பட்டது. கன்டில்லாவின் கடைசிப் பருவமான 1966 இல் தெற்கு ஆஸ்திரேலியா, நிறம், இனம் ஆகியவற்றின் அடிப்படையில் பாகுபாடு காட்டுவதைத் தடைசெய்யும் சட்டத்தை ஆஸ்திரேலிய மாநிலங்களுள் முதலாவதாக இயற்றியது. பழங்குடியினரை மக்கள்தொகைக் கணக்கில் சேர்ப்பதற்கு வழிவகுத்த பொதுவாக்கெடுப்பு 1967 மே 27 அன்று நடைபெற்று, 90 விழுக்காட்டுக்கும் மேலான ஆதரவுடன் நிறைவேறியது. ஆறு பருவங்களில் 113 ஆட்டங்களில் பங்கேற்று நூறு கோல்களுக்கு மேல் அடித்த கன்டில்லா, அந்த வாக்கெடுப்புக்கு முன்னரே சௌத் அடிலெயிட்டில் தமது ஆட்ட வாழ்வை முடித்திருந்தார். மைதானத்தில் பல்லாயிரவர் கைதட்டிய ஒருவர், அவ்வாண்டுகள் முழுவதும் நாட்டின் மக்கள்தொகைக் கணக்கில் சேர்க்கப்படாதவராகவே இருந்தார்.

இறப்பும் நினைவும்

கன்டில்லா 1978 இல் நாற்பது வயதளவில் காலமானார். திவி தீவு நிலங்கள் அவற்றின் மரபுவழி உரிமையாளர்களுக்காகப் பேண்படுவதற்கென திவி நில அவை நிறுவப்பட்டதும் அதே ஆண்டிலாகும்.

இறந்தோருக்காகப் புகுமானி என்னும் சடங்கினைத் திவி மக்கள் நிகழ்த்துவர். செதுக்கி வண்ணம் தீட்டிய மரத்தூண்கள் அதில் நடப்படும். துயர் காக்கும் காலத்தில் இறந்தவரின் பெயரைச் சொல்லாதிருப்பதும் அவர்களது வழக்கமாகும்.

2005 இல் அறிவிக்கப்பட்ட பழங்குடியினரின் நூற்றாண்டு அணியில் கன்டில்லாவின் பெயரும் சேர்க்கப்பட்டது.

பின்வந்தோர்

கன்டில்லாவுக்குப் பின்னர் திவி வீரர்கள் பலர் தெற்கேயும் மேற்கேயும் சென்றனர். இவர்களுள் மொரிஸ் ரியோலி 1982 இல் விக்டோரியக் கூட்டமைப்பின் இறுதியாட்டத்தில் சிறந்த வீரருக்கான நார்ம் சிமித் பதக்கத்தை வென்றார். தோல்வியுற்ற அணியிலிருந்து அப்பதக்கத்தைப் பெற்ற முதல் வீரர் இவராவார். திவி வழித்தோன்றலான மைக்கேல் லோங் 1993 இலும், மொரிஸ் ரியோலியின் உறவினரான சிரில் ரியோலி 2015 இலும் அதே பதக்கத்தை வென்றனர்.

திவி தீவுகளுக்கெனத் தனிக் கூட்டமைப்பு 1969 இல் அமைக்கப்பட்டது. மார்ச் மாதத்தில் நடைபெறும் அதன் இறுதியாட்டத்தைக் காணத் தீவு மக்களுடன், டார்வினிலிருந்து படகிலும் சிறு வானூர்திகளிலும் வருவோரும் திரள்வர். 2006-07 பருவத்தில் திவி பாம்பர்ஸ் என்னும் அணி வட ஆட்புலக் கூட்டமைப்பில் இணைந்து, 2011-12 இல் வாகையர் பட்டம் வென்றது. தம் ஊரின் பெயரிலேயே ஆடுவதற்குக் கன்டில்லாவின் காலத்தில் திவி வீரர்களுக்கு இத்தகைய அணி இருக்கவில்லை.