குதிரை இறந்தது, மறுநாள் எஜமானும் இறந்தார்!

1916-ம் ஆண்டு, ஜூலை 11-ந் தேதி. அமெரிக்காவில், மினியாபோலிஸ் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மரியன் சாவேஜ் படுத்திருந்தார். சின்ன ஆபரேஷன்தான். உயிருக்கு ஆபத்து என்று யாரும் நினைக்கவில்லை.

அப்போது அந்தச் செய்தி வந்தது. அவருடைய பந்தயக் குதிரை டான் பாட்ச் இறந்துவிட்டது!

மறுநாள் சாவேஜும் கண்ணை மூடிவிட்டார். அவருக்கு வயது 57.

யார் இந்த சாவேஜ்? 1859-ல் ஒகையோ மாநிலத்தில் பிறந்தவர். அயோவாவில் வளர்ந்து, பிழைப்புத் தேடி மினியாபோலிஸுக்கு வந்தவர். மாடு, குதிரை, பன்றிகளுக்குத் தீனியோடு கலந்து கொடுக்கும் ஒரு தூளைத் தயாரித்து விற்றார். அதிலேயே பெரும் பணக்காரர் ஆனார். தெய்வ பக்தி உள்ளவர்.

அந்தக் காலத்தில் அமெரிக்கக் கிராமங்களில் வண்டிப் பந்தயம் என்றால் உயிர். குதிரையின் பின்னால் லேசான இரண்டு சக்கர வண்டியைப் பூட்டி, அதில் ஓட்டுபவர் உட்கார்ந்துகொள்வார். குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடக் கூடாது. குறிப்பிட்ட நடையில்தான் போக வேண்டும். டான் பாட்சின் நடை ஒட்டகத்தின் நடை மாதிரி. ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டும் சேர்ந்தே முன்னால் போகும்.

பந்தயம் நடக்கும் இடத்தில் சூதாட்டமும் நடந்தது. பணம் கட்டுகிறவர்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஆனால் டான் பாட்ச் இந்த வியாபாரத்தையே கெடுத்துவிட்டது! எப்போதும் அதுவே ஜெயித்தால், யார் எதிர்த்துப் பணம் கட்டுவார்கள்? மற்றக் குதிரைக்காரர்களும் அதோடு போட்டிக்கு வர மறுத்தார்கள்.

60 ஆயிரம் டாலர்

போட்டிக்கு ஆள் இல்லாத இந்தக் குதிரையை 1902-ல் சாவேஜ் 60 ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கினார். அவருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று பலர் சிரித்தார்கள்.

சாவேஜ் வேறு கணக்குப் போட்டிருந்தார். எதிரே குதிரை வேண்டாம், கடிகாரம் போதும்! ஒரு மைல் தூரத்தை எவ்வளவு நேரத்தில் ஓடுகிறது என்று பார்க்கவே ஜனங்கள் டிக்கெட் வாங்கினார்கள். வசூலில் சாவேஜுக்குப் பங்கு. தனி ரயில் பெட்டியில் குதிரை ஊர் ஊராகப் போயிற்று. எவ்வளவு பணம் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மட்டும் அதை ஓடவிட மாட்டார்.

குதிரையின் வண்ணப் படம் வேண்டுமா? இலவசம்! கடிதம் எழுதினால் போதும். ஆனால் வீட்டில் எத்தனை ஆடு மாடுகள் இருக்கின்றன என்பதையும் எழுத வேண்டும். இப்படி நாடு முழுவதும் உள்ள விவசாயிகளின் விலாசம் அவர் கைக்கு வந்தது. அந்தத் தூளைத் தின்றுதான் டான் பாட்ச் வேகமாக ஓடுகிறது என்று பலரும் நம்பினார்கள். சாவேஜ் வாங்குவதற்கு முன்பே அது ஜெயித்துக்கொண்டிருந்தது என்பதை யார் யோசித்தார்கள்?

குதிரைக்குத் தாஜ்மகால்

மினசோட்டா ஆற்றங்கரையில் அதற்கு ஒரு லாயம் கட்டினார். நடுவில் வெங்காய வடிவில் கோபுரம். பார்த்தவர்கள் அதற்கு வைத்த பெயர் தாஜ்மகால்! குளிர்காலத்தில் ஓடிப் பழக, கூரை போட்ட அரை மைல் பாதையும் உண்டு. எதிர்க் கரையில் சாவேஜின் வீடு. தாழ்வாரத்தில் உட்கார்ந்தபடியே லாயத்தைப் பார்க்கலாம். பக்கத்து ஊருக்கு 1904-ல் அவர் பெயரையே வைத்தார்கள்.

1906-ல் மினசோட்டா பொருட்காட்சியில் 93 ஆயிரம் பேர் கூடினார்கள். டான் பாட்ச் 1 நிமிடம் 55 விநாடியில் ஒரு மைலை ஓடி முடித்தது! ஆனால் முன்னால் ஒரு வண்டி துணி கட்டித் தூசியையும் காற்றையும் தடுத்துக்கொண்டு போயிற்று என்று காரணம் சொல்லி, பந்தயச் சங்கம் அந்தச் சாதனையை ஏற்க மறுத்தது. சாவேஜ் விடவில்லை. தம் விளம்பரங்களில் எல்லாம் 1:55 என்றே போட்டார்.

1909-ல் குதிரைக்கு ஓய்வு கொடுத்தார். அதன் பெயரில் ரயில் பாதையும் போட்டார். அந்த ரயில்தான் அவரைக் கடனில் தள்ளியது.

இறந்த குதிரையின் உடலைப் பாடம் செய்து வைக்க சாவேஜ் விரும்பினாராம். அதற்குள் அவரே போய்விட்டார். அவருடைய மனைவி அந்த உடலை ஆற்றங்கரையில் ரகசியமாகப் புதைக்கச் சொன்னதாகக் கூறுவார்கள். அந்த இடத்தில் ஒரு கல்கூட நடவில்லை.