கோகலேயின் கணக்கு

பள்ளிக்கூடம் திறப்பது நம் நாட்டில் அரிய காரியமன்று; திறப்பு விழாவுக்கு வரும் கூட்டமும் குறைவன்று. மூன்றாம் வருஷத்தில் உபாத்தியாயருக்குச் சம்பளம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்தாம் அரியர். கோபால கிருஷ்ண கோகலே அக்கேள்வியை ஆயுள் முழுதும் கேட்டவர்.

1866-ல் கொங்கணத்துக் கிராமமொன்றில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். இளம் பிராயத்திலேயே தந்தையை இழந்தார். தமையனார் தம் படிப்பை விடுத்து, 15 ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்து, அதில் 8 ரூபாயை மாதந்தோறும் தம்பிக்கு அனுப்பினார். அத்தொகை தவறாமல் வந்ததால்தான் கோகலே 1884-ல் பி.ஏ. தேறினார். பிறகு சட்டம் படிக்கத் தொடங்கி, இடையில் விட்டுவிட்டார். வக்கீல் தொழிலுக்கு அது நஷ்டமே, தேசத்துக்கு லாபம்.

அவரை ஈர்த்தது புனாவின் தக்கணக் கல்விச் சங்கம். பெருந்தனவந்தரின் மூலதனத்தை நம்பியிராமல், படித்த வாலிபரின் ஆயுளையே மூலதனமாக்கிய சங்கம் அது. ஆயுள் அங்கத்தினர் சொற்பச் சம்பளத்தில் 20 வருஷம் உழைப்பதாக வாக்களித்தனர். கோகலே 1886-ல் சேர்ந்தார். மாதம் 75 ரூபாய். அங்கத்தினர் வெளியே வேறு வேலை ஏற்கலாமா என்ற தகராறில் திலகர் 1890-ல் விலகினார். கோகலே அப்போது சார்வஜனிக சபையின் காரியதரிசியாகவும் இருந்தார். வாதத்தில் திலகர் பக்கமே நியாயம் மிகுதி என்பது நம் கருத்து. ஆனால் திலகர் விட்டுச் சென்ற கணித வகுப்பை எடுத்து நடத்தியவர் கோகலே. விடுமுறைதோறும் ஊர் ஊராய் அலைந்து பெர்குஸன் கல்லூரிக்கு நிதி திரட்டியவரும் அவரே. 1902-ல் விடைபெற்றபோது உபகாரச் சம்பளம் 30 ரூபாய்.

ஒரு கல்லூரிக்குப் போட்ட கணக்கைப் பிறகு தேசம் முழுமைக்கும் போட்டார். 1911-ல் அவர் கொணர்ந்த ஆரம்பக் கல்வி மசோதா, 6 முதல் 10 வயதுச் சிறுவருக்குக் கட்டாயக் கல்வி கோரியது. சிறுவரில் ஒரு பகுதியினர் ஏற்கெனவே பள்ளி செல்லும் ஊர்களில் மட்டும், ஸ்தல ஸ்தாபனங்களின் விருப்பப்படி, படிப்படியாகவே அது அமலுக்கு வரும். செலவில் மூன்றில் இரண்டு பங்கு சர்க்காருடையது, ஒரு பங்கு ஸ்தல ஸ்தாபனத்துடையது என்பது அவர் யோசனை. இதனினும் மிதமான கோரிக்கை உண்டோ? 1912 மார்ச்சில் 38 வாக்குக்கு 13 வாக்காக மசோதா வீழ்ந்தது.

1915 பிப்ரவரியில் கோகலே மறைந்தார், வயது 48. பம்பாய் மாகாணம் 1918-லும் சென்னை 1920-லும் ஆரம்பக் கல்விச் சட்டம் செய்தன. சுதந்தர இந்தியாவில் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010-ல் அமலாகியபோதும், மத்திய சர்க்காரும் ராஜ்யங்களும் செலவில் யாருக்கு எவ்வளவு பங்கு என்றே வாதித்துக்கொண்டிருந்தன.