வரமும் விலையும்: புதுமைப்பித்தன் வாழ்வும் கதைகளும்

கொங்கு நாட்டில் உடுக்கடித்துப் பாடப்பெறும் அண்ணன்மார் கதையில், பிள்ளைவரம் வேண்டித் தாமரை கடுந்தவம் இயற்றுகின்றாள். வரமும் கிடைக்கின்றது. ஆனால் அவ்வாறு பிறக்கும் பொன்னருக்கும் சங்கருக்கும் ஆயுள் பதினாறே ஆண்டுகள். சிறு வயதில் என் பாட்டியிடம் இக்கதையைக் கேட்டபோது, சாமி ஏன் முழு வரமாகத் தரவில்லை என்று வினவினேன். பாட்டி விடை கூறவில்லை, கதையைத் தொடர்ந்தார். அவ்வினா என்னோடு தங்கிவிட்டது. பின்னாளில் தமிழ் பயின்று, புதுமைப்பித்தனின் கதைகளுக்குள் நுழைந்தபோது, அதே வினாவை வேறொருவர் வாழ்நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்ததை உணர்ந்தேன். நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவு காணும் இவ்வேளையில் அப்பெருமகனாரின் வாழ்வை அவ்வினாவின் வழியே நோக்குவது பொருத்தமுடைத்து எனக் கருதுகின்றேன்.

சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயருடைய புதுமைப்பித்தன் 1906ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் நாள் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தை சொக்கலிங்கம் பிள்ளை தாசில்தாராகப் பணியாற்றியவர். தாய் பர்வதம்மாள், மகனுக்கு எட்டு வயது இருக்கும்போதே மறைந்தார். தந்தையின் பணி காரணமாகச் செஞ்சி, திண்டிவனம், கள்ளக்குறிச்சி என ஊர் ஊராகக் கழிந்தது இளமை. தந்தை ஓய்வுபெற்றபின் 1918இல் குடும்பம் சொந்த ஊரான திருநெல்வேலிக்குத் திரும்பியது. வீட்டிற்குச் சிற்றன்னை வந்தார். தாயற்ற பிள்ளையின் தனிமை, பின்னர் அவர் எழுதிய 'சிற்றன்னை' என்னும் படைப்பில் மட்டுமன்றி, அவருடைய எழுத்துகள் பலவற்றிலும் அடியோட்டமாக இருப்பதைக் காணலாம்.

திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பயின்று 1931இல் பி.ஏ. பட்டம் பெற்றார். 1932இல் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த குடும்பத்தைச் சேர்ந்த கமலாவை மணந்தார். தாசில்தாரின் மகனுக்கு அரசுப் பணியே இயல்பான வழி. அவரோ எழுத்தை நம்பிச் சென்னைக்குப் புறப்பட்டார். வ.ரா., பி.எஸ். ராமையா முதலியோரின் முயற்சியால் சிறந்த 'மணிக்கொடி' இதழில் 1934 முதல் அவருடைய கதைகள் வெளிவரலாயின. அவருடைய வாழ்வின் முதல் பேரம் இதுவே எனலாம். எழுத்து அவரை ஏற்றுக்கொண்டது; அதற்கு ஈடாக நிலையான வருவாயைப் பறித்துக்கொண்டது. 'ஊழியன்' இதழிலும், பின்னர் 'தினமணி'யிலும் பணியாற்றினார். 1943இல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் தினமணியிலிருந்து விலகியபோது அவருடன் தாமும் வெளியேறினார். அதன்பின் சேர்ந்த 'தினசரி'யிலும் நீடிக்கவில்லை.

வரம் பெற்றவன் அறியாத விலையொன்று வரத்தினுள்ளேயே மறைந்திருக்கும் என்பது உலகக் கதைமரபுகள் பலவற்றின் அடிப்படை. தொட்டதெல்லாம் பொன்னாகக் கேட்ட மைதாஸ் உணவையும் இழந்தான். தொட்ட தலை எரியக் கேட்ட பஸ்மாசுரன் தன் தலையையே தொட்டான். ஆங்கில எழுத்தாளர் டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் 1902இல் வெளியிட்ட குரங்குக் கையின் கதையில், பெற்றோர் கேட்ட பணம் மகனின் சாவுக்கு ஈடாக வந்து சேர்கின்றது. இம்மரபுக் கதைகள் பெரும்பாலும் பேராசை கூடாது என்னும் நீதியோடு நிறைவெய்தும். புதுமைப்பித்தன் வேறுபடும் இடம் இதுவே. ஆசைப்பட்டவனை அவர் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. வரத்தின் விலையை யார் செலுத்துகின்றார் என்பதையே அவர் உற்று நோக்கினார்.

'பிரம்ம ராக்ஷஸ்' கதையில், சாவை வெல்லும் வித்தையைத் தேடிப் போனவன் சாகவும் இயலாது, வாழவும் இயலாது அலைகின்றான். அழியாமை கிடைத்துவிட்டது, ஆனால் அதை அனுபவிக்க உடல் இல்லை. இது மரபுவழி வரக்கதையின் சாயல் கொண்டதே. மேரி ஷெல்லியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலை 'பிரேத மனிதன்' என்னும் பெயரில் அவர் தமிழாக்கியதும் இத்தகைய நாட்டத்தின் விளைவு என்றே தோன்றுகின்றது. உயிரை உண்டாக்கும் ஆற்றல் பெற்றவன் தன் சுற்றத்தாரின் உயிர்களை அதற்கு விலையாகக் கொடுக்கும் கதை அது.

1943இல் 'கலைமகள்' இதழில் வெளிவந்த 'சாப விமோசனம்' இப்பொருளில் அவர் எட்டிய சிகரம். இராமனின் பாதத்துகள் பட்டு அகலிகை கல்லிலிருந்து பெண்ணாகின்றாள். மரபு அங்கே முடித்துவிடும். புதுமைப்பித்தனோ அங்கிருந்துதான் தொடங்குகின்றார். விமோசனம் பெற்றவள் அதன்பின் எவ்வாறு வாழ்ந்தாள்? ஊராரின் பார்வையை எவ்வாறு எதிர்கொண்டாள்? தன்னை மீட்ட இராமனே சீதையைத் தீக்குளிக்கச் செய்தான் என்பதைச் சீதையின் வாயாலேயே அவள் கேட்க நேர்கின்றது. மன்னிப்பு என்று தான் நம்பிப் பெற்ற வரத்தின் அடியில் எழுதப்பட்டிருந்த நிபந்தனை அப்பொழுதுதான் அவளுக்குத் தெரிகின்றது. அவள் மீண்டும் கல்லாகின்றாள். இம்முறை சபித்தவர் எவருமில்லை.

அதே ஆண்டில் வெளிவந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' நகைச்சுவையால் புகழ்பெற்றது. கடவுள் சென்னைத் தெருவில் தோன்றி, மருத்துவ இதழ் நடத்தும் ஒருவரின் திருவல்லிக்கேணி வீட்டிற்கு விருந்தினராக வருகின்றார். சிரித்துக்கொண்டே படிக்கும் நாம் முடிவில் திகைத்து நிற்கின்றோம். தொலைவில் நின்று வரம் அருளுவது கடவுளுக்கு எளிது. மனிதரோடு ஒரு வீட்டில் அரிசி பருப்புக் கணக்கோடு வாழ்வதே அரிது என்பது அங்கே வெளிப்படுகின்றது. வரம் என்பதே அருகில் வந்து வாழ மறுப்பவர் தரும் ஈடு என்று இதனை நான் புரிந்துகொள்கின்றேன். என் பாட்டியின் மௌனத்திற்கு எனக்குக் கிடைத்த விடைகளுள் ஒன்று இது.

மாயம் சிறிதுமில்லாத கதைகளிலும் இதே பேரம் நிகழ்கின்றது. 'பொன்னகரம்' கதையில் அடிபட்டுக் கிடக்கும் கணவனுக்குப் பால் கஞ்சி வேண்டும். அதற்கான காசை அம்மாளு தன்னையே விலையாக்கிப் பெறுகின்றாள். 'துன்பக் கேணி'யில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் ஆசை வார்த்தைகள் வரம் போலவே வருகின்றன. கடல் கடந்த பின்னர்தான் அதன் விலை தெரிகின்றது. அதனை மருதி தன் உடலாலும் உள்ளத்தாலும் செலுத்துகின்றாள். 'மனித யந்திர'த்தில் கடைக் கணக்கர் ஒருவர் கல்லாப் பணத்தோடு ஓடிவிட எண்ணி, ரயில் நிலையம்வரை சென்று, திரும்பி வந்துவிடுகின்றார். பேரத்தைச் செய்யத் துணியாதவரும் ஒரு விலை கொடுத்துக்கொண்டே இருக்கின்றார் என்பதை அக்கதை உணர்த்துகின்றது.

இவ்வளவு தெளிவாகப் பேரத்தின் உட்பொருளை அறிந்தவர் தம் வாழ்வில் அதிலிருந்து தப்பினாரா? இல்லை. நாற்பதுகளின் நடுவில் திரைப்படத்துறை அவரை அழைத்தது. இதழியல் தராத வசதியைத் திரை தரும் என நம்பினார். 'ஔவையார்', 'காமவல்லி' ஆகிய படங்களுக்காக எழுதினார். தாயின் நினைவாகப் 'பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ்' என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். திட்டமிட்ட படம் நிறைவேறவில்லை. பின்னர் எம்.கே. தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்திற்கு உரையாடல் எழுதப் புனே சென்றார். அங்கே காசநோய் முற்றியது. உடல் மெலிந்து, மனைவியின் குடும்பத்தார் வாழ்ந்த திருவனந்தபுரத்திற்கு வந்துசேர்ந்த அவர், 1948 ஜூன் 30ஆம் நாள் காலமானார். அப்போது அவருக்கு வயது 42. மகள் தினகரிக்கு வயது இரண்டு. 'ராஜமுக்தி' அவ்வாண்டின் பிற்பகுதியில், அவர் மறைந்த பின்னர் திரைக்கு வந்தது.

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் கூறவேண்டும். அவர் வாழ்வை எழுதுவோர் பலரும் வறுமையில் வாடிய மேதை என்னும் படிமத்தோடு நிறுத்திக்கொள்கின்றனர். எழுத்துக்காக அவர் செய்த பேரத்தின் விலையில் பெரும்பகுதியைச் செலுத்தியவர் கமலா அம்மையார். சென்னைக்கும் திருவனந்தபுரத்திற்கும் இடையே நீண்ட பிரிவுகளைச் சுமந்தவர் அவர். கைக்குழந்தையோடு கைம்பெண்ணாகி வாழ்ந்தவரும் அவரே. அம்மையாருக்குப் புதுமைப்பித்தன் எழுதிய கடிதங்கள் பிற்காலத்தில் நூலாயின. அவற்றைப் படிப்போர், அன்பும் இயலாமையும் ஒருங்கே கொண்ட மனிதரைக் காண்பர். அகலிகையின் துயரை உணர்ந்தவர் தம் வீட்டுத் துயரை உணராதவர் அல்லர். உணர்ந்தும் மாற்ற இயலாதவர். இதனைச் சொல்வது அவர் புகழுக்கு இழுக்காகாது. விலையைப் பிறர் செலுத்துகின்றனர் என்பதை நமக்குக் கற்பித்தவரே அவர்தாம்.

அவர் மறைந்த மூன்றாண்டுகளில், 1951இல், தொ.மு.சி. ரகுநாதன் அவருடைய வரலாற்றை எழுதி வெளியிட்டார். 2002இல் தமிழக அரசு அவருடைய படைப்புகளை நாட்டுடைமையாக்கியது. ஏறத்தாழ பதினைந்தே ஆண்டுக் காலத்தில் அவர் எழுதியவை இன்றும் வகுப்பறைகளில் வாழ்கின்றன.

வகுப்பறை என்றதும் ஒரு நிகழ்ச்சி நினைவுக்கு வருகின்றது. 'துன்பக் கேணி'யைப் பாடமாக நடத்திய நாளொன்றில், கங்காணியின் சொல்லை அம்மக்கள் எவ்வாறு நம்பினர் என்று ஒரு மாணவர் வியந்தார். பின்வரிசையிலிருந்த மாணவி ஒருத்தி எழுந்து, ஈமுக் கோழி வளர்ப்புக்காகத் தன் தாயின் நகைகள் அடகுக்குப் போனதைக் கூறினாள். 2012இல் அத்திட்டங்கள் சரிந்தபோது கொங்கு வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்கள் அடைந்த இழப்பை நாம் அறிவோம். ஆசைப்பட்டது தந்தை, கழுத்து வெறுமையானது தாய்க்கு என்று அவள் கூறி அமர்ந்தாள். அன்று நான் நடத்த எண்ணியிருந்த எஞ்சிய பாடம் தேவைப்படவில்லை.

தறியும் தோட்டமுமாக இருந்த சரவணம்பட்டி இன்று சத்தியமங்கலம் சாலையின் இருபுறமும் உயர்ந்த கட்டடங்களாக மாறியிருக்கின்றது. நிலம் விலையேறியது சிலருக்கு வரமாயிற்று. கிணறும் பண்ணையமும் போனது அதன் மறுபக்கம். நம்மிடம் வரங்கள் இனியும் வரும். வேண்டாம் என்று மறுக்கும் வலிமை எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. கையெழுத்திடும் முன்னர் இதன் விலையை யார் செலுத்தப்போகின்றார் என்று ஒருமுறை கேட்கும் பழக்கத்தையேனும் புதுமைப்பித்தனிடம் நாம் கற்றுக்கொள்ளலாம். அண்ணன்மார் கதையில் பதினாறு ஆண்டுகள் பொன்னருக்கும் சங்கருக்கும் உரியவை. அதன்பின் வரும் ஆண்டுகள் அவர்களை இழந்து நிற்போருக்கு உரியவை. பாட்டி சொல்லாமல் விட்டது அதுவாகத்தான் இருக்கவேண்டும்.