பேராசிரியர் அம்பேத்கரும் ஆசிரியர் அறைப் பானையும்

1918 நவம்பரில் பம்பாய் சிடனாம் வணிகவியல் கல்லூரியில் பொருளாதாரப் பேராசிரியராகச் சேர்ந்தார் அண்ணல் அம்பேத்கர். வயது 27. மாதச் சம்பளம் 450 ரூபாய். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. முடித்து, லண்டனிலும் படிப்பைத் தொடங்கிவிட்டு வந்தவர். அந்தக் கல்லூரியின் ஆசிரியர் அறையில் பேராசிரியர்களுக்கென்று ஒரு தண்ணீர்ப் பானை இருந்தது. அதில் அவர் தண்ணீர் மொண்டு குடிக்கக் கூடாது என்று உடன் வேலை பார்த்த சிலர் எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

நம் பக்கத்து டீக்கடை இரட்டைக் குவளையைப் பற்றிப் பேசினால், படிக்காதவர்கள் செய்கிற காரியம் என்று சமாதானம் சொல்ல ஆட்கள் உண்டு. அந்தப் பானைக்குக் காவல் நின்றவர்கள் எல்லோரும் கல்லூரிப் பேராசிரியர்கள்.

மாணவர்களும் தொடக்கத்தில் அவரைப் பெரிதாக மதிக்கவில்லை. ஆனால் அவர் பாடத்துக்குத் தயாரித்து வந்த விதமும் நடத்திய விதமும் சில மாதங்களிலேயே வகுப்பை மாற்றிவிட்டன. பிற கல்லூரி மாணவர்களும் அனுமதி பெற்று வந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

அண்ணலின் அறிவைப் பற்றி நாம் மேடைதோறும் பேசுகிறோம். அவருக்குக் கைகொடுத்த ஆசிரியர்களைப் பற்றிப் பேசுவது குறைவு. பேசினால் அவர் பெருமை குறைந்துவிடுமோ என்ற தயக்கம் நம்மில் சிலருக்கு இருக்கிறது. எனக்கு அந்தத் தயக்கம் இல்லை.

முதல் கை அவருடைய தந்தை ராம்ஜியுடையது. மகனுக்குப் புத்தகம் வாங்க, மணமாகிப் போன மகள்களிடம் நகையைக் கேட்டு வாங்கி அடகு வைத்த மனிதர் அவர். அடுத்தவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் என்ற பள்ளி ஆசிரியர். மாலை நேரங்களில் பம்பாய் சர்னி ரோடு பூங்காவில் தனியே உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்த பையனைக் கண்டு, விசாரித்து, படிக்கப் புத்தகங்கள் கொடுத்தார். 1907ல் பையன் மெட்ரிகுலேஷன் தேறியபோது நடந்த பாராட்டுக் கூட்டத்தில் தாம் எழுதிய புத்தர் வரலாற்றைப் பரிசளித்தார். கல்லூரிப் படிப்புக்குப் பணம் தட்டுப்பட்டபோது பரோடா மன்னர் சாயாஜிராவிடம் பரிந்து பேசி மாதம் 25 ரூபாய் உதவித்தொகை கிடைக்கச் செய்தவரும் இவர்தான். அந்த 25 ரூபாய் இல்லாவிட்டால் பி.ஏ. இல்லை, பி.ஏ. இல்லாவிட்டால் 1913ல் நியூயார்க் கப்பலும் இல்லை.

கொலம்பியாவில் பேராசிரியர் எட்வின் செலிக்மன் அவருக்கு ஆராய்ச்சி செய்யும் முறையைக் கற்றுக்கொடுத்தார். லண்டனுக்குப் போகும்போது அங்குள்ள பேராசிரியர்களுக்கு அறிமுகக் கடிதம் எழுதித் தந்தார். இந்த அறிமுகக் கடிதத்தின் மதிப்பு முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்களுக்குத்தான் தெரியும். நான் முதுகலைத் தமிழ் முடித்த காலத்தில், எம்.ஃபில். என்றால் என்ன, நெறியாளரை எப்படிப் போய்ப் பார்ப்பது என்று கேட்க எங்கள் தெருவில் ஆள் கிடையாது. துணிந்து ஒரு பேராசிரியரைப் போய்ப் பார்த்தேன். என் மதிப்பெண் பட்டியலைப் பார்ப்பதற்கு முன்பே ஊர்ப் பெயரைக் கேட்டார். பிறகு தெருப் பெயரைக் கேட்டார். பிறகு இடமில்லை என்றார்.

சிடனாம் வேலையை அண்ணல் 1920 மார்ச்சில் விட்டார். பரோடா உதவித்தொகைக் காலம் முடிந்து பாதியில் நின்றுபோன லண்டன் படிப்பை முடிக்க வேண்டும். சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணம், கோலாப்பூர் மன்னர் சாகு மகராஜின் உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய 5,000 ரூபாய் கடன் இவற்றோடு கப்பலேறினார். லண்டனில் அவருக்கு வழிகாட்டியவர் எட்வின் கேனன். ரூபாயின் பிரச்சினை குறித்து அண்ணல் எழுதிய ஆய்வேட்டின் முடிவுகள் பிரிட்டிஷ் ஆட்சியைக் கடுமையாகச் சாடுவதாக இருந்ததால் திருத்தி எழுதச் சொன்னார்கள். பம்பாய் திரும்பி, முடிவுகளை மாற்றாமல் நடையை மட்டும் மாற்றி அனுப்பினார். 1923ல் டி.எஸ்சி. பட்டம் கிடைத்தது. அது நூலானபோது கேனன் முன்னுரை தந்தார். பல இடங்களில் தமக்கு உடன்பாடில்லை என்பதை அந்த முன்னுரையிலேயே எழுதிவிட்டு, மாணவரின் புதுமையான சிந்தனையையும் பாராட்டினார். தன் கருத்தை மறுக்கும் மாணவனை மார்க்கில் கைவைத்துப் பழிவாங்குகிறவர்களைப் பார்த்தவர்கள் இந்தச் செய்தியை இன்னொரு முறை படிக்கலாம்.

1935 ஜூனில் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியின் முதல்வரானார் அண்ணல். இந்து மதத்தைவிட்டு வெளியேறப்போவதாக இயேவலாவில் அறிவித்ததும் அதே ஆண்டுதான். பூங்காவில் புத்தகம் கொடுத்த கேலுஸ்கர் அதைப் பார்க்கவில்லை. முந்தைய ஆண்டே இறந்துவிட்டார்.

தமக்கு ஒரு கேலுஸ்கரும் ஒரு செலிக்மனும் வாய்த்தார்கள்; வாய்க்காதவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்வி அவரைவிட்டு நீங்கவில்லை என்றே நினைக்கிறேன். அதனால்தான் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினரானதும், பட்டியலின மாணவர்களின் உயர்கல்விக்காக 3 லட்சம் ரூபாய் ஒதுக்க வைத்தார். அந்த நிதியில் நம் மாணவர்கள் சிலர் வெளிநாடு சென்று படித்தார்கள். இன்று கல்லூரியில் நம் பிள்ளைகள் கையெழுத்துப் போட்டு வாங்கும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு வேர் அந்த 1940களில் இருக்கிறது.

1945ல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். 1946 ஜூன் 20 அன்று பம்பாயில் சித்தார்த்தா கல்லூரி திறக்கப்பட்டது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்கிற பிள்ளைகளுக்காக அங்கே காலை நேரத்தில் வகுப்புகள் நடந்தன. எல்லாச் சாதி மாணவர்களும் சேர்ந்தார்கள், எல்லாச் சாதி ஆசிரியர்களும் பணியாற்றினார்கள். அங்கே ஆசிரியர் அறைப் பானையை யாரும் காவல் காத்திருக்க முடியாது.

1950ல் ஔரங்காபாத்தில் அடுத்த கல்லூரி. அதற்குப் பிறகு மிலிந்த் என்று பெயர் வைத்தார், வளாகத்துக்கு நாகசேனவனம். மிலிந்தன் கேள்வி கேட்ட கிரேக்க அரசன், நாகசேனர் பதில் சொன்ன பிக்கு. கேள்வி கேட்டவன் பெயர்தான் கல்லூரிக்கு!

1956 டிசம்பர் 6ல் அண்ணல் மறைந்த பிறகும் அந்த வளாகத்தில் வேலை நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் படித்துத் திரும்பிய எம்.என். வான்கடே மிலிந்த் கல்லூரிக்கு முதல்வராக வந்தார். அங்கே மராத்தி கற்பித்த கங்காதர் பான்தாவணே, ‘அஸ்மிதாதர்ஷ்’ என்ற இதழைப் பல ஆண்டுகள் நடத்தினார். தலித் இளைஞர்கள் கிராமங்களிலிருந்து எழுதி அனுப்பியதை வாங்கிப் படித்து அச்சில் ஏற்றினார்.